நாலு ஒன்றாகச் சுண்டும் வரை

மிளகைப் போட்டேனா இல்லையா என்று தெரியவில்லை. தண்ணீர் கொதிக்கிறது, சுக்கு உள்ளே உருள்கிறது, தட்டிய மல்லி மேலே மிதந்து ஓரமாக ஒதுங்குகிறது. சீரகம் போட்டது நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் கொஞ்சம் கீழே சிந்தி, அதைக் குனிந்து எடுக்கலாமா என்று யோசித்து வேண்டாம் என்று விட்டேன், குனிந்தால் நிமிர வேண்டும், நிமிர்ந்தால் கண் இருட்டும். ஆனால் மிளகு? அஞ்சறைப் பெட்டி திறந்து கிடக்கிறது. மிளகுக் கிண்ணம் அதன் இடத்தில்தான் இருக்கிறது, எடுத்தது மாதிரியும் இருக்கிறது, எடுக்காதது மாதிரியும் இருக்கிறது. பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தால் தெரியாதா என்றால் தெரியாது, அடிப்பாகம் முழுக்கக் கறுப்பு, அதுவும் நான் செய்த காரியம்தான், போன மழைக்காலத்தில் இதே பாத்திரத்தில் தண்ணீர் வைத்துவிட்டுப் போய்ப் படுத்தவன் எழுந்திருக்கவில்லை, மனைவி கனி ஓடி வந்து பார்க்கும்போது வீடெல்லாம் புகை. அந்தக் கறுப்பில் மிளகுக் குருணை கிடந்தால் யார் கண்டுபிடிப்பது. இன்னொரு தடவை போட்டுவிடலாம். போட்டு, முதலிலேயே போட்டிருந்தால்? வயிறு எரியும், இன்றைக்கு வயிறு எரியக் கூடாது, இன்றைக்கு எதுவுமே ஆகக் கூடாது. கனி போகும்போது கதவில் கை வைத்துக்கொண்டு சொன்னாள், "நான் நாட்டு மருந்துக் கடைக்குப் போயிட்டு வாறதுக்குள்ள ஒங்க கஷாயத்த நீங்களே போட்டுக் குடிச்சிட்டு ஒக்காந்திருக்கணும். அப்படி இருந்தீகன்னா மத்தியான வண்டிக்குத் தூத்துக்குடி போறேன். இல்லன்னா போகல. பெறகு என்னயக் குத்தம் சொல்லக் கூடாது." விடியும்போதே மருமகன் போன் பண்ணிவிட்டார். மகள் ரஞ்சிக்கு வலி எடுத்துவிட்டது, ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று, தலைப்பிரசவம், அம்மா எப்போது வருவாள் என்று கேட்கிறாள். ஒரு பாத்திரம் தண்ணீர் நாலில் ஒன்றாகச் சுண்ட வேண்டும், அவ்வளவுதான் என் வேலை, உலகத்தில் வேறு யாரும் இதை ஒரு வேலை என்று சொல்ல மாட்டார்கள். நான் ஸ்டூலில் உட்கார்ந்து அடுப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், மிளகைப் போட்டேனா என்று தெரியவில்லை.

மல்லி வாசனை வருகிறது. இதுதான், இந்த இடம்தான் எனக்கு ஒவ்வொரு தடவையும் மயிர்க்கூச்செறிகிற இடம், கொதி வந்து கொஞ்ச நேரத்தில் மல்லி தன்னைத் திறந்துகொள்கிற இடம். நான் விருதுநகரில் மல்லியும் வத்தலும் தரகு பார்த்தவன். என் கை வழியாகப் போன மல்லியைக் கொட்டினால் எங்கள் தெரு மூடிப்போகும். மூட்டையில் குத்தூசியைச் செருகி இழுத்தால் உள்ளங்கையில் ஒரு பிடி வந்து விழும், நிறத்தைப் பார்ப்பேன், ஈரம் எவ்வளவு, உடைசல் எவ்வளவு, தூசி எவ்வளவு, ஒரு மணியை நகத்தால் கீறுவேன், மூட்டைக்குள்ளேயே திருப்பிப் போட்டுவிட்டு அடுத்த மூட்டைக்குப் போவேன். ஒரு தடவை விளாத்திகுளம் பக்கம் மல்லி விதைக்கிற சம்சாரி ஒருவர், வெயிலில் தோல் உரிந்த மூக்கு, பெயர் ஞாபகம் இல்லை, கையில் அள்ளி என் முகத்துக்கு நேரே நீட்டி, "மோந்து பாருங்க அண்ணாச்சி, மோந்து பாத்துட்டு வெல சொல்லுங்க" என்றார். நான் சிரித்தேன். மோந்து பார்த்து விலை சொன்னால் கடையை மூடிவிட்டுப் போக வேண்டியதுதான் என்று பக்கத்தில் நின்றவர்களிடம் சொன்னேன், அவர்களும் சிரித்தார்கள். அவர் கையை மடக்கிக்கொண்டார். அந்தக் கைக்குள் என்ன இருந்தது என்று இப்போது தெரிகிறது, ஐம்பது வயதுக்கு மேல், எழுந்து நிற்க முடியாமல் ஆன பிறகு, பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து தெரிந்துகொள்கிறேன். ஒரு மல்லி மணிக்குள் இரண்டு விதை இருக்கிறது. அதை இரண்டாக உடைத்துத்தான் விதைப்பார்கள், அது எனக்குத் தெரியும், தொழில், உடைசல் கூடினால் விலை குறைப்போம். ஆனால் உடைத்து இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து மூக்குப் பக்கம் கொண்டுபோனால் எலுமிச்சைத் தோல் மாதிரி ஒன்று, அதற்கு அடியில் மழைக்கு முந்தின மண் மாதிரி ஒன்று, இரண்டும் சேர்ந்து நெற்றிக்குள் ஏறி, அங்கே நனைந்த சாக்கு மாதிரிக் கனத்துக் கிடக்கிற ஏதோ ஒன்றை ஒரு ஓரமாகத் தூக்குகிறதே, அதை யார் உள்ளே வைத்தார்கள். இவ்வளவு சின்ன உருண்டைக்குள் இவ்வளவையும் அடைத்து, தைத்து, கரிசல் காட்டில் யாரும் பார்க்காத இடத்தில் வெயிலில் தொங்கவிட்டவர் யார். நான் அதை மூட்டை மூட்டையாக விற்றேன், ஒரு மணி என்னவென்று தெரியாமலே.

இப்போது சிட்டிகை. மூட்டைக்காரனுக்குச் சிட்டிகை என்று எழுதியிருக்கிறது. காய்ச்சல் வந்தது, எல்லோருக்கும் வந்த காய்ச்சல்தான், எல்லோருக்கும் போனது, எனக்கும் போனது, போகும்போது என்னையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போய்விட்டது. முதலில் பலவீனம் என்றார்கள், முட்டை கொடுத்தார்கள். பிறகு ரத்தம் எடுத்தார்கள், ரத்தத்தில் எல்லாம் சரியாக இருந்தது, தைராய்டு சரி, இதயம் சரி, அவ்வளவு சரியான ஆளாக நான் அதற்கு முன்னால் இருந்ததே இல்லை. மச்சினன் வந்து கட்டிலைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, "படுத்தே கெடந்தா ஒடம்பு அப்படித்தான் மாமா பழகிரும், ரெண்டு நாள் கடைக்கு வந்து ஒக்காருங்க, எல்லாம் சரியாப்போகும்" என்றான். போனேன். அவன் சொன்னதற்காக இல்லை, எனக்கே அந்தச் சந்தேகம் இருந்தது, உள்ளுக்குள் ஒரு சோம்பேறி இத்தனை காலம் ஒளிந்திருந்து இப்போது வெளியே வந்துவிட்டானோ என்று. கடையில் ஒரு காலை உட்கார்ந்திருந்தேன், பேசினேன், சிரித்தேன், எல்லோரும் தேறிவிட்டீர்கள் அண்ணாச்சி என்றார்கள். மறுநாள் கண்ணைத் திறக்க முடியவில்லை. திறக்க மனதில்லை என்று இல்லை, இமை கனத்தது, இமைக்குக் கனம் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரியும். தாடை கனத்தது. ஜன்னல் வெளிச்சம் வலித்தது. ஒரு மாதத்துக்கு மேல் அப்படிக் கிடந்தேன். மதுரையில் ஒரு பெண் டாக்டர்தான், மகள் வயதிருக்கும், எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு நீளமான இங்கிலீஷ் பெயர் ஒன்றைச் சொல்லி, "இது சோம்பேறித்தனம் இல்லைங்க, நோய்" என்றார். கனி அங்கேயே முந்தானையில் முகத்தைப் பொத்தி அழுதாள். குணமாக்குகிற மருந்து இன்னும் யாரிடமும் இல்லை, இருக்கிற சக்திக்குள் செலவழிக்கப் பழகுங்கள், களைப்பு வருவதற்கு முன்னால் படுத்துவிடுங்கள் என்றார். அடுப்படிச் சாமான் ஏதாவது கொடுக்கலாமா என்று கனி கேட்டதற்கு, "நோயைத் தீர்க்காதும்மா. ஆனா குமட்டலுக்கும் வயித்துக்கும் இதமா இருந்தா விடாதீங்க. ஜாதிக்காய் மட்டும் ரெண்டு இழைப்புக்கு மேல வேண்டாம்" என்றார். அப்படித்தான் ஆரம்பித்தது. நோயைத் தொடவில்லை, நோயின் ஓரங்களைத் தொட்டது. காலைக் குமட்டலுக்குச் சுக்கு. நின்றால் வருகிற மயக்கத்துக்கு உப்புத் தூக்கலாகச் சீரக மோர். ராத்திரி உடம்பு உறங்கி மூளை மட்டும் விழித்துக்கொண்டு கிடப்பதற்குப் பாலில் ஜாதிக்காய். ஒரு நாள் வயிறு கல்லாகக் கட்டிக்கொண்டு மூச்சு முட்டியபோது கனி ஓமத்தைக் கசக்கி வாயில் போட்டு மெல்லச் சொன்னாள். மென்றேன், கொஞ்ச நேரம் கழித்து ஒரு ஏப்பம் வந்தது, தெருவுக்கே கேட்கிற ஏப்பம், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இவ்வளவு நாள் எந்தக் கதவைத் தட்டினாலும் யாரும் திறக்கவில்லை, ஒரு கடுகளவு விதை உள்ளே போய்த் திறந்துவிட்டு வருகிறது. கும்பிட வேண்டும் போல இருந்தது. கையைத் தூக்க முடியாததால் கும்பிடவில்லை.

விரலை மோந்து பார். இது ஏன் முதலிலேயே தோன்றவில்லை, மல்லி என்று ஆரம்பித்து எங்கெங்கோ போய்விட்டேன், இந்த மூளைக்கு ஒரு நேர்கோட்டில் நடக்கத் தெரியாமல் போய்விட்டது. மிளகைத் தட்டியிருந்தால் விரல் சொல்லும். வலது கையை மூக்குக்குக் கொண்டுபோகிறேன். சீரகம் இருக்கிறது. கருப்பட்டி இருக்கிறது. அதற்கு அடியில், கட்டை விரலின் ஓரத்தில், ஒரு உறைப்பு, மூக்கின் உச்சியில் போய்க் குத்துகிற ஒன்று, மிளகுதான். இல்லை, நேற்றைய மிளகோ. நேற்றுக் கஷாயம் போட்டது கனி. அப்படியானால் இன்றைக்குத்தான். தலைக்குத் தெரியாதது கைக்குத் தெரிந்திருக்கிறது, நான் அந்த இடத்தில் இல்லாதபோது கை தன் பாட்டுக்கு மிளகை எடுத்து உரலில் போட்டுத் தட்டி வேலையை முடித்துவிட்டு வந்திருக்கிறது. எனக்குப் புல்லரித்தது, கூடவே பயமாகவும் இருந்தது, நான் இல்லாமலே என் கை நடமாடுகிறதென்றால் நான் எங்கே போயிருந்தேன். சந்தேகம் முழுக்கப் போகவில்லை. கை சொல்கிறது, தலை இன்னும் கையெழுத்துப் போடவில்லை. சரி, கையை நம்பிவிடுவோம், இன்னொரு தடவை போட வேண்டாம்.

கை பொய் சொல்லாது என்று சொல்லிவிட முடியாது, என் கை பொய் சொல்லியே பிழைத்த கை. எங்கள் கடைப் பக்கம் பழைய ஆட்கள் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். தோளில் கிடக்கிற துண்டை இரண்டு பேர் கைக்கும் மேல் போட்டு, அதற்குள் விரலைப் பிடித்து அமுக்குவார்கள், சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது, முகத்தில் மழை வருமா வராதா என்கிற பேச்சுத்தான் இருக்கும். முதலில் பிடிக்கிற விலை ஒருநாளும் நிஜ விலை இல்லை. நிஜ விலையை முதலிலேயே காட்டுகிறவன் வியாபாரி இல்லை, அப்பாவி. நான் வாயைத் திறக்க முடியாமல் கிடந்த அந்த மாதத்தில், கனி என் பக்கத்தில் உட்கார்ந்து என்ன வேண்டும், தண்ணீரா, பாத்ரூமா என்று கேட்டுக் கேட்டு அழுகிற நிலைக்கு வந்தபோது, போர்வைக்குள் கையை விட்டு அவள் விரலைப் பிடித்தேன், பழக்க தோஷம். நாங்கள் விலை பேசுகிற பேட்டைக்குள் ஒரு நாள் கூட வராதவள். ஒரே காலையில் கற்றுக்கொண்டாள். அன்றிலிருந்து தினமும் விடிந்ததும் என் தோள் துண்டை எடுத்துக் கை மேல் போடுவாள், உள்ளே அவள் கை வரும், இன்றைக்கு உடம்பில் எவ்வளவு தெம்பு இருக்கிறது என்று கேட்கிறாள் என்று அர்த்தம், நான் பிடிக்கிற விரல்தான் பதில். ஐந்து விரல் என்றால் தெருமுனை வரை நடப்பேன். நாலு என்றால் வீட்டுக்குள் என் வேலையை நானே பார்த்துக்கொள்வேன். ஒன்று என்றால் படுத்த இடத்தில் கிடப்பேன், எல்லாம் பக்கத்தில் வர வேண்டும். நான் முதல் நாளே ஒன்று கூட்டிப் பிடித்தேன். அவள் முகம் வாடக் கூடாது என்று ஒரு காரணம், அதை விடப் பெரிய காரணம் பழக்கம். அவள் சும்மா இருந்தாளா, நான் மூன்று பிடித்தால் இரண்டுக்கு ஏற்ற மாதிரி ஏற்பாடு செய்தாள். ஒன்று கழிக்கிறாள் என்று எனக்கு விளங்கியதும் இரண்டு கூட்ட ஆரம்பித்தேன். அவள் அதையும் கண்டுபிடித்தாள். இப்படியே ஏறி ஏறி, இப்போது நான் எது பிடித்தாலும் அது எதுவும் இல்லை, துண்டுக்குள் இரண்டு கை மட்டும் இருக்கிறது, விலை இல்லை. இன்றைக்கு விடிகாலையில் நாலு பிடித்தேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். பக்கத்து வீட்டு அருள்ராஜ் அண்ணன், மில்லில் ஓய்வு பெற்றவர், ராத்திரி வந்து படுத்துக்கொள்ளட்டுமா என்று எத்தனையோ தடவை கேட்டுவிட்டார், கனி அதைச் சொன்னதும் எனக்கு எதற்கு ஆள் துணை, நாலு பிடித்தேனே, பார்க்கவில்லையா என்றேன். அதற்குப் பிறகுதான் கதவில் கையை வைத்துக்கொண்டு இந்தக் கஷாயத்தைப் பேசிவிட்டுப் போனாள். நம்பினால் எதற்குப் பரீட்சை வைக்கிறாள்.

அவள் வந்ததும் மறுபடி நாலு பிடிக்க வேண்டும், அழுத்திப் பிடிக்க வேண்டும். தலைப்பிரசவத்தைப் பெற்ற வீட்டில் பார்க்கவில்லை, அதுவே எனக்குள் கிடந்து அறுக்கிறது, வளைகாப்பு முடித்து அழைத்து வந்திருக்க வேண்டிய பிள்ளையை, ஒரே ஆள் இரண்டு படுக்கை பார்க்க முடியாது என்று அங்கேயே விட்டோம். சம்பந்தியம்மா ஒரு வார்த்தை குறைவாகப் பேசவில்லை, அதுதான் இன்னும் சுட்டது. ரஞ்சி போனில், "நீ அப்பாவப் பாத்துக்கம்மா, நான் இருந்துக்கிறேன்" என்றாள். நான் இருந்துக்கிறேன் என்று அவள் சொன்ன விதம், ஏழாம் வகுப்பில் கால் முறிந்து கட்டுப் போட்டுக்கொண்டு சொன்ன அதே விதம், வலி எவ்வளவு என்று கேட்டால் இல்லவே இல்லை என்பாள், என் மகள், முதல் விலையை நிஜமாகச் சொல்ல மாட்டாள். இப்போது அங்கே பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பாள். உடம்புக்குள் ஒரு உடம்பு, மல்லி மணிக்குள் இரண்டு விதை, ஒன்றிலிருந்து ஒன்று உடைந்து வெளியே வரப்போகிறது, எப்படி அது நடக்கிறது, தினமும் எல்லா ஊரிலும் நடக்கிறது, எந்த ஊரிலும் யாரும் வாயைப் பிளந்துகொண்டு தெருவில் நிற்கக் காணோம். எனக்கு ஒரு தம்ளர் தண்ணீரைத் தூக்குவதே மலையாக இருக்கிறது, அவள் ஒரு ஆளையே தூக்கிப் பெறப் போகிறாள். அந்தச் சக்தி எங்கிருந்து வருகிறது, என்னிடமிருந்து போனது எங்கே போனது, யாராவது இந்தப் பக்கம் எடுத்து அந்தப் பக்கம் ஊற்றுகிறார்களா. அப்படியென்றால் எடுத்துக்கொள்ளட்டும். இன்னும் ஒரு பிடி இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளட்டும். கஷாயம் எவ்வளவு சுண்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டும், ஸ்டூலில் உட்கார்ந்தால் உள்ளே தெரியவில்லை, மேடையைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். எழுந்திருக்கக் கூடாது என்று எழுந்த பிறகுதான் தெரிந்தது. காதில் இரைச்சல், பார்வையின் ஓரத்திலிருந்து கறுப்பு உள்ளே நடந்து வருகிறது, சரி, விழக் கூடாது, சரிய வேண்டும், விழுவதற்கும் சரிவதற்கும் வித்தியாசம் இந்த வியாதி கற்றுக் கொடுத்தது, முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு அப்படியே கீழே இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

தரை குளிர்ச்சியாக இருக்கிறது. சிந்திய சீரகம் பக்கத்தில் கிடக்கிறது. மேலே அடுப்பு எரிகிறது. இங்கிருந்து பார்த்தால் தீ தெரிகிறது, நீல இதழ் வட்டம், நுனியில் கொஞ்சம் மஞ்சள், அது பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கிறது. இவ்வளவு அழகான ஒன்றை இடுப்பளவில் வைத்துவிட்டு எல்லோரும் பாத்திரத்துக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கொதிக்கிற சத்தம் மாறுகிறது. முதலில் கலகலவென்று இருந்தது, இப்போது பொத்துப் பொத்து என்று கெட்டியாகக் கேட்கிறது, தண்ணீர் குறைகிறது. அணைக்க வேண்டும். கையைத் தூக்கினேன், மேடையின் விளிம்பு வரை கூட வரவில்லை, திரும்பி வந்து மடியில் விழுந்தது. காலை ஊன்றிப் பார்த்தேன், கால், யாருக்கோ சொல்கிறாய் என்பது போலக் கிடந்தது. கருகும். மறுபடி புகை. கனி வந்து கதவைத் திறப்பாள், புகை, அதற்குள் நான். பிறகு அவள் எங்கேயும் போக மாட்டாள், இன்றைக்கும் போக மாட்டாள், இனி எப்போதும் போக மாட்டாள், இந்தக் கட்டிலின் காலில் அவளைக் கட்டிப் போட்டது நான்தான் என்று ஆகும், அங்கே பிள்ளை அம்மா என்று கத்தும்போது அம்மா இங்கே கருகின பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருப்பாள். நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அடிக்க விடாதே, அடித்தால் இருக்கிறதும் போய்விடும், மூச்சை விடு, மெல்ல. மல்லி வாசனை தரை வரை இறங்கி வந்திருக்கிறது. சுக்கின் காட்டம் அதற்குப் பின்னால். வீட்டில் இருக்கிற ஒரே கெட்டிக்காரன் அந்த வாசனைதான், நான் எழுந்து போக முடியாத இடத்திலிருந்து அது எழுந்து என்னைத் தேடி வந்திருக்கிறது. அதை இழுத்தேன், இன்னொரு தடவை இழுத்தேன், நெற்றிக்குள் கிடக்கிற நனைந்த சாக்கை அது ஒரு ஓரமாகத் தூக்கியது, தூக்கிய இடுக்கில் ஒன்று தெரிந்தது, சிலிண்டர். மேடைக்கு அடியில், என் இடது தோளுக்குப் பக்கத்தில், சிவப்பாக, இத்தனை நேரமும் அங்கேயேதான் இருந்தது. மேலே போக வேண்டியதில்லை. கையைத் தரையோடு இழுத்துக்கொண்டு போனேன், சிலிண்டரின் தோளில் ஏற்றினேன், ரெகுலேட்டரின் குமிழைத் திருகினேன். மேலே நீல இதழ்கள் சின்னதாகி, சின்னதாகி, ஒவ்வொன்றாக உள்ளே போயின. கடைசி ஒன்று கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அதுவும் போனது, பொத்துப் பொத்தும் நின்றது, வீடு அமைதியானது. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தெம்பில்லாததால் சிரிப்பு உள்ளேயே இருந்தது.

கனி வந்தபோது அப்படியே உட்கார்ந்திருந்தேன். செருப்பை உதறுகிற சத்தம், கதவு, அடுப்படி வாசலில் நின்று பார்க்கிறாள் என்று தெரிந்தது. கத்துவாள் என்று நினைத்தேன். கையிலிருந்த நாட்டு மருந்துப் பையை மேடையில் வைத்தாள், பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தாள், அடுப்பின் குமிழைப் பார்த்தாள், குமிழ் திறந்தே இருந்தது.

"அடுப்பு தெறந்திருக்கு. தீய எப்படி அணைச்சீக?"

கண்ணால் சிலிண்டரைக் காட்டினேன். அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், புடவையை ஒதுக்கிக்கொண்டு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் சேர்ந்து மேலே இருந்த அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் கழுத்தில் வெயில் வேர்வை, பையிலிருந்து திப்பிலி வாசனை. என் தோளில் கிடந்த துண்டை எடுத்தாள். எங்கள் கைகளின் மேல் போட்டாள். உள்ளே அவள் கை வந்தது, வெயிலில் வந்த கை, சூடாக இருந்தது. நாலு. நாலு பிடிக்க வேண்டும், அழுத்திப் பிடிக்க வேண்டும், அவள் வண்டி ஏற வேண்டும். நான் நாலு என்று நினைத்துக்கொண்டே இருந்தேன், துண்டுக்குள் என் கை அவள் சுண்டு விரலைப் பிடித்தது. அதை மட்டும் பிடித்தது. மற்ற விரல்களுக்குப் போகச் சொன்னேன், போகவில்லை. அவள் காத்திருந்தாள், பேட்டையில் வாங்குகிறவன் காத்திருப்பது மாதிரி, இன்னும் ஏற்றுவான் என்று. ஏற்றவில்லை.

"நெசந்தானா?" என்றாள்.

"நெசம்."

குரல் அவ்வளவுதான் வந்தது. போச்சு என்று நினைத்தேன். ரஞ்சி முகம் வந்தது, இனி அதைப் பற்றி ஒன்றும் செய்ய முடியாது. கனி கையை எடுக்கவில்லை. இருந்த இடத்திலிருந்தே ஜன்னல் பக்கம் பார்த்து, "அருள்ராஜண்ணே" என்று ஒரு சத்தம் கொடுத்தாள். பிறகு என்னைப் பார்த்து, "அண்ணன் பாயக் கொண்டாந்து இங்கயே படுத்துக்கிருவாக. நீங்க ஒண்ணும் பேசக் கூடாது. சோறு அவுக வீட்டுலருந்து வந்துரும், தண்ணி, ஃபிளாஸ்க்கு, பேஸினு எல்லாம் படுக்கைக்குப் பக்கத்துலயே வச்சிட்டுப் போறேன். மத்தியான வண்டிக்கு நேரமிருக்கு" என்றாள்.

"கனி, ஒண்ணுதான பிடிச்சேன்."

"ஒண்ணு பிடிச்சதுனாலதான் போறேன். ஒண்ணுக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியும்ல. நாலு பிடிச்சிருந்தீகன்னா கட்டின பொட்டிய அவுத்துப் போட்டிருப்பேன்." மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "எத்தன நாளாச்சுங்க ஒரு நெச வெல கேட்டு."

அருள்ராஜ் அண்ணன் வந்தார், இரண்டு பேருமாகத் தூக்கி என்னைக் கட்டிலில் சேர்த்தார்கள், நான் ஒன்றும் பேசவில்லை. கனி வீட்டுக்குள் அங்குமிங்கும் போனாள். நாட்டு மருந்துப் பையைக் கொண்டு வந்து என் நெஞ்சின் மேல் வைத்து, "சரக்கு பாருங்க. பிள்ள பெத்தவளுக்குக் கொண்டுபோறது" என்றாள். கண்ணை மூடிக்கொண்டு மோந்தேன். சுக்கு, திப்பிலி, ஓமம், பெருங்காயம், ஒவ்வொன்றாகத் தங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தன. இன்றைக்குச் சாயங்காலமோ நாளைக்கோ இதே வாசனை என் மகளின் வாயில் போகும், அவள் பாலில் இறங்கும், இன்னும் பெயர் வைக்காத ஒரு ஆள் உலகத்தில் முதலில் ருசி பார்க்கிறதில் இது இருக்கும். நல்ல சரக்கு என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக மோந்து பார்த்து விலை சொல்லியிருக்கிறேன் என்று அவளுக்குச் சொல்ல நினைத்தேன், அது நீளமான பேச்சு, பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

கஷாயத்தை வடிகட்டி ஊற்றினாள், சரியாகத்தான் சுண்டியிருந்தது, ஒரு தம்ளருக்கு மேல் ஒரு சொட்டு இல்லை. சூடு ஆறட்டும், பிறகு குடியுங்கள் என்று ஸ்டூலை இழுத்து அதன் மேல் வைத்தாள். பெட்டியைத் தூக்கினாள். என் கால் பெருவிரலை ஒரு தடவை பிடித்து அமுக்கிவிட்டுப் போனாள். அருள்ராஜ் அண்ணன் வாசல் வரை போய்விட்டு வந்து, என் தலைக்கு அடியில் கையைக் கொடுத்துத் தூக்கினார், மில் தறியில் காய்த்துப்போன கை. தம்ளரை வாயில் வைத்தார். முதலில் கருப்பட்டி, பிறகு மல்லி, பிறகு சுக்கு. வேறு ஒன்றும் இல்லையோ என்று நினைத்தேன். விழுங்கி, அது நெஞ்சைத் தாண்டி இறங்கின பிறகு, தொண்டையின் அடியில் மெல்லப் பிடித்தது. மிளகு இருந்தது.